ஏழு வீடுகளில் ஒரு குரல்

என் வேலை என்னவென்று யாராவது கேட்டால் எனக்குச் சுள்ளென்று எரிச்சல் வரும். கம்ப்யூட்டர் வேலை என்றால் பிரிண்டரில் பேப்பர் சிக்கிக்கொண்டது என்று கூப்பிடுவார்கள். உள்ளதை விளக்கினால் கொட்டாவி விடுவார்கள். ஆனாலும் இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும். நான் செய்த தப்பு அந்த வேலைக்குள்தான் இருக்கிறது.

ஒரு படத்தையோ பாட்டையோ பத்திரமாக வைக்கவேண்டும் என்று வையுங்கள். ஒரே கம்பெனியின் ஒரே கிடங்கில் வைத்தால், கம்பெனியை இழுத்து மூடும் அன்று எல்லாம் போச்சு. அதனால் அதைத் துண்டு துண்டாக்கி, வெவ்வேறு ஆட்களின் வீட்டில் இருக்கும் பெட்டிகளில் பரப்பி வைப்பது ஒரு முறை. ஏழு துண்டு என்றால் ஏழும் வேண்டியதில்லை. கணக்குப் போட்டு வெட்டியிருப்பதால் எந்த நாலு கிடைத்தாலும் முழுசும் திரும்ப வந்துவிடும். மூன்று கிடைத்தால் முக்கால்வாசி வரும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். மூன்றில் ஒன்றுமே வராது, வெறும் குப்பை. அந்த வீட்டுக்காரர்களையும் நம்ப முடியாது. ஒருவன் பெட்டியை அணைத்துவிட்டு ஊருக்குப் போவான், ஒருவன் இடம் போதவில்லை என்று துண்டை அழித்துவிட்டு இன்னும் இருக்கிறது என்று புளுகுவான். அவர்களுடைய பெட்டிகளை விடாமல் கேள்வி கேட்டு மடக்குவதும், ஒரு துண்டு தொலைந்தால் மற்றவற்றிலிருந்து புதிதாகச் செய்து வேறொரு பெட்டியில் சேர்ப்பதும் என் வேலை.

இதை நான் தூத்துக்குடியில் ஒரு மாடி வீட்டில் தனியாக உட்கார்ந்து செய்கிறேன். சொந்த ஊர் விளாத்திகுளம் பக்கம். பலசரக்குக் கடை வைத்திருந்த குடும்பம், கடையை விற்றுவிட்டு ஆளுக்கொரு ஊராகப் போய்விட்டது. கல்யாணம் ஒன்று நடந்தது, நாலு வருஷத்தில் அதுவும் முடிந்தது. சில நாள் காலையில் பால் பூத்தில் ‘அரை லிட்டர்’ என்று சொன்னதோடு அன்றைக்கு என் பேச்சு தீர்ந்துவிடும். வெளிநாட்டுக் கூட்டாளிகள் திரையில் வரும்போது ஒருவராவது, உங்கள் ஊரில் இன்னும் முத்துக் குளிக்கிறார்களா என்று கேட்பார். இல்லை, உப்பும் நிலக்கரித் தூசியும்தான் என்பேன். சிரிப்பார்கள். திரை அணைந்ததும் அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் இருக்கும். ஐம்பத்துமூன்று வயதில் இதெல்லாம் பழகியிருக்க வேண்டும். பழகவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த தெருவில் இருந்த ஒரு அம்மாள் ஒருநாள் மதியம் போனை எடுத்துக்கொண்டு மாடியேறி வந்தார். நான் நினைத்தது சரிதான், யாரோ ‘அந்த மாடி அண்ணாச்சி கம்ப்யூட்டர் ஆளு’ என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். போனின் பேட்டரி உப்பி, முதுகு பிளந்திருந்தது.

“இதுக்குள்ள உள்ளதை எடுத்துத் தர முடியுமா அண்ணாச்சி? கடையில கேட்டா, தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்கன்னு சொல்லுதான்.”

“என்ன இருக்கு உள்ள? போட்டோவா?”

அவர் வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு குரலை இறக்கி, “எங்க வீட்டுக்காரர் சத்தம்” என்றார்.

அவருடைய கணவர் மாலத்தீவுக்கு வெங்காயமும் கருங்கல்லும் ஏற்றிப் போகும் தோணியில் தண்டலாக, அதாவது தோணியை நடத்தும் தலைவராக, இருந்தவர். தொண்டையில் கட்டி வந்து, ஆபரேஷனில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் ஒரு துளை, அதன் மேல் ஒரு துணி. பேச்சு கிடையாது. சொல்ல வேண்டியதைப் போனில் தட்டிக் காட்டுவார். தோணியில் போன காலத்தில் அந்தக் கரையில் சிக்னல் கிடைக்கும்போதெல்லாம் அவர் மனைவிக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறார். ஆறு வருஷத்து மெசேஜ்கள். அத்தனையும் இப்போது அந்த உப்பிய போனுக்குள் மட்டும்தான் இருந்தன.

“அவுகளுக்குத் தெரிய வேண்டாம் அண்ணாச்சி. பழசைக் கேட்டா மனசு சங்கடப்படுவாக.”

இரண்டு நாள் போராடி எல்லாவற்றையும் எடுத்தேன். மூன்றாம் நாள் அந்த போன் செத்தது. எடுத்தது சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க நாலைந்தைக் கேட்டேன். அதற்கு நாலைந்து போதும். நான் நாலைந்தோடு நிறுத்தவில்லை.

“ஏளா, சாப்பிட்டியா? இங்கன மழை ஊத்துது. சரக்கை இறக்க விடமாட்டுக்கான். நான் வர இன்னும் ஒரு வாரம் ஆவும் போல. கதவை நல்லாச் சாத்திட்டுப் படு.” பேசத் தொடங்கும் முன் ஒரு சின்னச் சிரிப்பு வரும். கரகரத்த, அவசரமில்லாத குரல். அடுத்தவர் வீட்டுப் பேச்சு என்று தெரிந்தும், சோறு வடித்துக்கொண்டே கேட்டேன், துணி மடித்துக்கொண்டே கேட்டேன். என்னிடம் ஒருத்தர் சாப்பிட்டியா என்று கேட்டு எத்தனை வருஷம் இருக்கும்? ஒருநாள், அவர் மனைவியை “ஏளா” என்று கூப்பிட்டதும் என்னையே கூப்பிட்டதுபோல் எனக்கு முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அப்போதுதான் சே என்று ஆகிவிட்டது. வெட்கக்கேடு.

அதனால்தான் என் கம்ப்யூட்டரில் ஒரு பிரதிகூட வைக்கக்கூடாது என்று முடிவு செய்தேன். தொழில்படி அது மடத்தனம். கண்ணெதிரே பிரதி இருந்தால் மறுபடி கேட்பேன் என்று எனக்கு என்மீதே நம்பிக்கை இல்லை. அதற்கு மாற்றாக ஒன்று யோசித்தேன். முகம் தெரியாத ஆட்களின் பெட்டிகளுக்குக் காவல் இருந்து அலுத்துப் போயிருந்தேன். முகம் தெரிந்தவர்கள் வீட்டில் ஏழு பெட்டி வைத்தால் என்ன? என் வீட்டில் ஒன்று, அவர் வீட்டில் ஒன்று, மற்ற ஐந்து அவருடைய சொந்தக்காரர்கள் வீடுகளில். யாருடைய படம், பத்திரம், கல்யாண வீடியோ என்றாலும் ஏழாகப் பிரிந்து ஏழு வீட்டிலும் இருக்கும். அந்த அம்மாள் கணவரிடம் ‘போட்டோ வைக்கிற பெட்டி’ என்று சொல்லிக்கொண்டார். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போனில் இன்னொரு பிரதி இருந்தது. கணவர் கண்ணில் பட்டுவிடும் என்று அந்த அம்மாள் மட்டும் குரலைப் போனில் இறக்கி வைக்காமல், வேண்டும்போது பெட்டியிலிருந்தே கேட்பார்; வேறெங்கும் பிரதி கிடையாது.

“தொலைஞ்சு போயிராதே அண்ணாச்சி?”

“ஏழு வீடும்மா. மூணு வீடு பத்தி எரிஞ்சாலும் உங்க வீட்டுக்காரர் சத்தம் இருக்கும்” என்றேன். எவ்வளவு திமிர் பாருங்கள்.

அதிலிருந்து எனக்கு ஒரு வீடு கிடைத்தது. பெட்டியைப் பார்க்கிறேன் என்று வாரம் ஒருமுறை போவேன். பெட்டியில் பார்க்க ஒன்றும் இருக்காது, எல்லாம் என் திரையிலேயே தெரியும். இருந்தாலும் போய், ஒயரை ஆட்டிவிட்டு, பேனா டார்ச் அடித்துவிட்டு உட்காருவேன். அந்த அம்மாள் காப்பியும் மக்ரூனும் கொண்டுவந்து வைப்பார். அண்ணன் — அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன் — எதிரில் உட்கார்ந்து போனில் ஏதாவது தட்டி என் பக்கம் திருப்புவார். ‘பெட்டிக்குக் காய்ச்சலா தம்பி?’ என்று ஒருநாள் கேட்டார். எனக்குப் புரையேறிவிட்டது.

நடுவில் ஒரு தொல்லை வந்தது. ஒரு வீட்டில் வெள்ளையடிப்பதற்காகப் பெட்டியை ஒரு வாரம் கழற்றி வைத்துவிட்டு, பிறகு மாட்டினார்கள். அதற்குள் மற்ற வீடுகளில் சில ஃபைல்கள் மாறியிருந்தன. அந்தப் பெட்டி பழைய துண்டுகளோடு வந்து கலந்ததில் ஒரு கல்யாண வீடியோ குளறுபடியாகி, மாப்பிள்ளை முகத்தில் பந்தலும் பச்சைக் கோடுமாக வந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அந்தக் கோபத்தில் ஒரு விதி எழுதினேன். எந்தப் பெட்டியும் கண் விழித்ததும் முதலில் தேதியைப் பார்க்கவேண்டும். மூன்று நாளுக்கு மேல் மற்றவர்களோடு தொடர்பு இல்லாமல் இருந்திருந்தால், தன்னிடம் உள்ள துண்டுகளைத் தானே அழித்துவிட்டு, புதிதாக மற்றவர்களிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். வெறுமனே அழிப்பதும் இல்லை. அதன்மேல் பூஜ்யமாக எழுதி, யார் தோண்டினாலும் கிடைக்காமல் செய்துவிடும். ஒரு வீட்டுச் சங்கதி சொந்தக்கார வீட்டில் கிடக்கிறதே என்று அவர்களுக்கு ஒரு பயம். என்னைவிட அவர்களுக்குத்தான் ஊர் வாயைத் தெரியும்.

ஒரு பெட்டி போய்த் திரும்பினால் இந்த விதி பொன். ஏழில் ஆறு ஒன்றாகப் போய்த் திரும்பினால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை. ஆறு வீடு ஏன் ஒன்றாகப் போகும்? வெவ்வேறு தெரு, வெவ்வேறு மின்கம்பம். கரண்ட் போனாலும் சில மணி நேரத்தில் வந்துவிடும். யாராவது தெரியாமல் அணைத்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு வீட்டிலும் பெட்டியின் சுவிட்சைப் போட்டு, அதன்மேல் டேப் ஒட்டி, ‘அணைக்கக் கூடாது’ என்று எழுதியும் வைத்திருந்தேன்.

செப்டம்பர் வந்தது. ஒருநாள் சாயங்காலம் என் திரையில் ஒரு பெட்டி பேச்சை நிறுத்தியது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. ஏழு மணிக்குள் ஆறும் போய்விட்டன. கரண்டுதான் என்று எழுந்துபோய்ப் பார்த்தேன். தெருவிளக்கு எரிகிறது. அந்த அம்மாள் வீட்டில் பூட்டுத் தொங்குகிறது. எதிர்க் கடைக்காரரிடம் கேட்டேன்.

“தெரியாதா உங்களுக்கு? மணப்பாட்டுல திருவிழால்லா, சிலுவைக் கோயிலு. கொடியேத்தத்துக்குப் போனா பதினோரு நாளும் அங்கனதான் இருப்பாக. சொந்தம் பூராவும் சேந்து வீடு பிடிச்சுத் தங்கிருவாக.”

“பெட்டியெல்லாம் அணைஞ்சு போச்சே?”

“மெயினை இறக்கிட்டுல்லா போவாக! அவுக வகையறால ஒருக்கா திருவிழாவுக்குப் போயிருக்கையில ஒரு வீடு தீப்பிடிச்சுப் போச்சு. அதுலேர்ந்து எல்லாரும் மெயினை இறக்கிட்டுத்தான் வீட்டைப் பூட்டுவாக.”

சுவிட்சுக்கு டேப் ஒட்டத் தெரிந்தவனுக்கு மெயின் நினைவு வரவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டு மொத்தமாகக் கிளம்பிப் போக எனக்கு ஒரு ஊரோ கூட்டமோ இருந்திருந்தால் தோன்றியிருக்கும்.

ஆனால் அன்றைக்கு எனக்கு இந்த அறிவெல்லாம் வரவில்லை. வந்தது கோபம்தான். முந்தின நாள்தான் அந்த வீட்டில் காப்பி குடித்திருக்கிறேன். நாளைக்குப் போகிறோம் என்று ஒரு வார்த்தை? நீங்களும் வாங்களேன் என்று சும்மா ஒப்புக்காவது? திரும்பி வந்து திரையைப் பார்த்தேன். ஏழு வரிசையில் ஆறு சிவப்பு. ஏழாவது மட்டும் பச்சையாக, என் மேஜைக்கு அடியிலேயே இருந்துகொண்டு, நான் இருக்கிறேன் நான் இருக்கிறேன் என்று யாருமே இல்லாத இடத்தில் சொல்லிக்கொண்டிருந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. போங்கடா என்று அந்தத் திரையை மூடினேன், பத்து நாள் திறக்கவே இல்லை. கோபித்துக்கொண்டு உட்கார்ந்தேன் என்பதுதான் உண்மை. யாரிடம் கோபித்தேனோ அவர்களுக்கே அது தெரியாது.

பதினோராம் நாள் காலையில் மனசு கேட்காமல் திறந்தேன். இரண்டு வரிசை பச்சை! யாரோ வந்துவிட்டார்கள் என்று, சொல்ல வெட்கமாக இருக்கிறது, துள்ளிக் குதிக்காத குறை. அந்த இரண்டு வீட்டுக்காரர்களும் முந்தின நாளே திரும்பியிருக்கிறார்கள். பிறகுதான் பக்கத்தில் இருந்த எண்ணைப் பார்த்தேன். இருப்பு, பூஜ்யம். இரண்டிலும் பூஜ்யம். ஒரு நிமிஷம் புரியவில்லை. பெட்டிகளின் பதிவைத் திறந்து படித்தேன்.

மெயினைத் தூக்கியதும், டேப் ஒட்டிய சுவிட்ச் வழியாகப் பெட்டி தானாக விழித்திருக்கிறது. தேதியைப் பார்த்திருக்கிறது. ஒன்பது நாள். தன்னிடம் இருந்ததைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, புதுத் துண்டு கொடுங்கள் என்று கேட்டிருக்கிறது. கொடுக்க நாலு பேர் வேண்டும். இருந்தது நான் ஒருவன்.

விரல் விட்டு எண்ணினேன். என்னுடையது ஒன்று. இன்னும் பூட்டிக் கிடக்கும் வீடுகள் நாலு. மொத்தம் ஐந்து. நாலு வேண்டும். அதாவது ஒரே ஒரு வீடு தவறலாம், அதற்குமேல் ஒன்று தவறினால் அந்த அம்மாளுக்கு அந்தக் குரல் இந்த உலகத்தில் கிடையாது. இருபது வருஷமாகப் பெட்டிகள் அணையாமல் இருக்கவேண்டும் என்று கும்பிட்டவன், இப்போது யாரும் வந்து மெயினைப் போட்டுவிடக் கூடாதே என்று கும்பிட்டேன். போன் போட்டேன். திருவிழாக் கூட்டத்தில் யாருக்குக் கேட்கும்? ஒருவர் எடுத்தார். “சத்தமா சொல்லுங்க, கொட்டு அடிக்கான்” என்றார், அதோடு கட்டாகிவிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

திருச்செந்தூரில் மாறி, குலசேகரப்பட்டினம் தாண்டி, மணப்பாட்டில் இறங்கும்போது உச்சி வெயில். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல்மேட்டின் மேல் சிலுவைக் கோயில். அதுவரை ஜனம். மிட்டாய்க் கடை, பலூன், மெழுகுவர்த்தி, வேனிலிருந்து இறங்கும் குடும்பம் குடும்பமான ஆட்கள். யாரைப் பார்த்தாலும் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தனை கூட்டத்தில் என்னைக் கூப்பிட ஆளில்லாமல் ஒவ்வொரு முகமாக உற்றுப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

முதல் இரண்டு குடும்பமும் ஒரே வாடகை வீட்டில் இருந்தார்கள். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். அரைகுறையாகப் புரிந்தது. “நீங்களே போய்க் கழத்திக்கோங்க அண்ணாச்சி” என்று இரண்டு சாவியையும் கையில் கொடுத்துவிட்டார்கள். சாப்பிடாமல் போகக்கூடாது என்று இலையும் போட்டார்கள். பத்து நாளாக இவர்கள்மேல் கோபமாக இருந்தோமே என்று நினைத்துக்கொண்டே மீன் குழம்பைப் பிசைந்தேன்.

மூன்றாவது குடும்பத்துப் பெரியவர் கையை விரித்தார். “மருமகன் துணி எடுக்கணும்னு காலையிலதான் பைக்ல போனான். போன உடனே ஃபேனைத்தானே போடுவான்!” மருமகனுக்குப் போன் போட்டார். போட்டாச்சு மாமா, நல்லா காத்து வருது என்றான் அந்தப் புண்ணியவான்.

தவறக்கூடிய ஒன்று தவறிவிட்டது. இனி என் வீடு, சாவி வாங்கிய இரண்டு வீடு, அந்த அம்மாள் வீடு. சரியாக நாலு.

அண்ணன் கரையில் ஒரு படகு நிழலில் தனியாக உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாள் வீட்டுச் சாவியை முந்தியில் முடிந்துகொண்டு கோயிலுக்குள் கூட்டத்தில் இருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்னை அங்கே பார்த்ததில் அவர் முகம் மலர்ந்தது. ‘நீயும் வந்துட்டியா தம்பி!’ என்று தட்டினார். அப்போது எனக்கு இருந்த பதற்றத்தில் அந்தச் சந்தோஷத்தை வாங்கி வைத்துக்கொள்ளக்கூட முடியவில்லை.

“அண்ணே, நாளைக்கு வீட்டுக்குப் போனதும் மெயினைப் போடாதீங்க. முதல்ல பெட்டியோட பிளக்கைப் பிடுங்கிருங்க. அப்புறம் மெயினைப் போடுங்க. பத்து மணிக்கு நான் வந்து பெட்டியை எடுத்துக்கிடுதேன்.”

எதற்கு என்பது போல் கையைத் திருப்பினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ரிப்பேர் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். விஷயம் எவ்வளவு பெரியது என்று தெரிந்தால் மறக்கமாட்டார் என்று நினைத்தேன்.

“அதுக்குள்ள உங்க பழைய சத்தம் இருக்குண்ணே. தோணியிலேர்ந்து அனுப்புவீங்களே, அத்தனையும். வேற எங்கயும் இல்லை.”

அவர் கை கழுத்துத் துணிக்குப் போனது. பிறகு தட்டினார். ‘அதை அவ கேக்காளா?’

“தினமும் கேக்காங்கண்ணே! சாயங்காலம் ஆறு மணியாச்சுன்னா டாண்ணு கேக்க ஆரம்பிச்சிருவாங்க. எனக்குத்தான் திரையில தெரியுமே” என்றேன். எவ்வளவு உபயோகமான சாமான் செய்து கொடுத்திருக்கிறேன் என்ற பெருமை வேறு.

அவர் கடலைப் பார்த்தார். பிறகு ‘புரியுது’ என்று தட்டிக் காட்டினார். பிளக் விஷயம் புரிந்தது என்று எடுத்துக்கொண்டு நான் பஸ்ஸுக்கு ஓடினேன்.

பொழுது சாய்வதற்குள் இரண்டு வீட்டுப் பெட்டிகளையும் கழற்றிக் கொண்டுவந்து, விதியை அழித்துவிட்டு விழிக்கவைத்தேன். இரண்டிலும் துண்டு பத்திரமாக இருந்தது. மூன்று கையில் இருக்கிறது.

மறுநாள் பத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே அவர்கள் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. வேனிலிருந்து இறக்கிய பைகள் நடுவீட்டில் கிடந்தன. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அலமாரிக்கு மேல் பெட்டியில் பச்சை விளக்கு. பிளக் அதன் இடத்தில் இருந்தது. அண்ணன் அதற்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“அண்ணே! பிளக்கைப் பிடுங்கச் சொன்னேனே! தலைபாடா அடிச்சுக்கிட்டேனே! மறந்துட்டீங்களா?”

இல்லை என்று தலையாட்டினார். போனை எடுத்துத் தட்டினார். ‘மறக்கல.’

அவர் நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டித் திருப்பினார். ‘ஜெபமாலை கேக்கேன்னுதான் சொன்னா. சாயங்காலம் ஆனா காதுல மாட்டிட்டு, கண்ணை மூடிட்டு உக்காந்துருவா. நான் எதுத்தாப்லதான் இருப்பேன். ஒன்றரை வருஷம். என்னைப் பாத்ததே இல்ல. அவன்கூட இருந்திருக்கா.’

“அது நீங்கதானேண்ணே!”

அவர் கழுத்துத் துணியை விலக்கினார். துளை வழியாகக் காற்று வந்து போகும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் காட்டி, இதுதான் நான் என்பதுபோல் நெஞ்சில் கை வைத்தார்.

கத்த வேண்டும் போல்தான் இருந்தது. பாவி மனுஷா, அது உன் சொத்தா, அவங்க சொத்தா என்று கேட்க வாயெடுத்தேன். ஆனால் அந்தக் குரலை அடுப்படியில் வைத்து நான் எத்தனை நாள் கேட்டேன் என்பது எனக்குத் தெரியும். மனைவிக்கும் எனக்கும் வேண்டியிருந்த அந்த ஆள் தானில்லை என்று தெரிந்து உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் எந்த முகத்தோடு சண்டை போடுவது? ஒரு ராத்திரி முழுக்க யோசித்துத்தான் இதைச் செய்திருக்கிறார். யோசிக்கக் கொடுத்தவன் நான். அந்த அம்மாள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று, அவுகளுக்குத் தெரிய வேண்டாம் என்று. அதைக் கடற்கரையில் உட்கார்ந்து மணி சகிதமாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

வாசலில் ஆட்டோ நின்றது. அந்த அம்மாள் பால் பாக்கெட்டும் காய்கறிப் பையுமாக உள்ளே வந்தார்.

“வாங்க அண்ணாச்சி, எப்ப வந்தீங்க? மணப்பாட்டுக்கு வந்தீங்களாம்லா, எனக்குத் தெரியாமப் போச்சே! இருங்க, காப்பி போடுதேன்.”

அண்ணன் என்னைப் பார்த்தார். கெஞ்சும் பார்வை இல்லை. நீ என்ன வேண்டுமானாலும் சொல் என்று விட்டுவிட்ட பார்வை.

“எம்மா, காப்பி இருக்கட்டும்” என்றேன். “பெட்டியில இருந்தது எல்லாம் போயிருச்சு. ஆறு வீட்டுப் பெட்டியும் ஒண்ணா அணைஞ்சா என்ன ஆகும்னு நான் யோசிக்கலை. நான் எழுதின விதிதான் அழிச்சுப் போட்டுருச்சு. என் தப்பு.” இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

பால் பாக்கெட்டைக் கீழே வைத்தார். “மத்த வீட்டுல இருக்கும்லா? ஏழு வீடுன்னு சொன்னீகளே?”

“மூணுதான் மிச்சம்மா. நாலு வேணும்.”

“மூணுல கொஞ்சமாவது வராதா? ஒண்ணே ஒண்ணு?”

“வராதும்மா.”

“சேசுவே! அவுக சத்தம் அதுலதானே இருந்துச்சு! ஒரு ஏளாங்கிறது கூட இல்லாம ஆக்கிட்டீகளே அண்ணாச்சி! உங்களை நம்பித்தானே குடுத்தேன்! இன்னொண்ணு எடுத்து வைக்கணும்னு உங்களுக்குத் தெரியாதா? இதுதானே உங்க வேலை!” என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு சட்டென்று நிறுத்தினார். ரகசியம் வாயைவிட்டு வந்துவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது. மெல்லத் திரும்பிக் கணவரைப் பார்த்தார்.

அவர் எழுந்து வந்து மனைவியின் தலையில் கையை வைத்தார். அந்த அம்மாள் அவர் நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். துளைக்கு அருகில்தான் அந்த அம்மாளின் காது இருந்தது. நான் பைகளுக்கு நடுவில், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன். அந்த அம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து, கணவரிடம் என்னைக் கைகாட்டினார்.

“நீங்களாவது கேளுங்க இவரை. என்னால முடியலை. நல்லா நாலு வார்த்தை கேளுங்க!”

அண்ணன் போனை எடுத்தார். ஒரு கை இன்னும் மனைவியின் தோளில் இருந்தது. மறு கையின் கட்டைவிரலால் மெதுவாகத் தட்டி, எனக்கு மட்டும் தெரியும்படி திரையைத் திருப்பினார்.

‘மன்னிச்சிரு தம்பி. இனிமே இங்கன வராத.’

“நல்லாக் கேட்டீகளா?” என்று அந்த அம்மாள் அவரிடம் கேட்டார். அவர் ஆமென்று தலையாட்டினார். நான் வசவு வாங்கியவன் போலத் தலையைக் குனிந்துகொண்டு, வாசலில் கிடந்த செருப்பை மாட்டினேன்.